பன்றிக்கு வியர்க்காது

கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில் என் அத்தை மகன் பன்றிக் கொட்டகை வைத்திருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு அங்கே நின்றுகொண்டிருந்தேன். முப்பது நாற்பது வெண்பன்றிகள். எல்லாம் மூன்று நான்கு மாதக் குட்டிகள், ஐம்பது கிலோவை ஒட்டிய எடை. ஒன்றுகூட எழுந்து நிற்கவில்லை. கால்களை நீட்டிப்போட்டு, ஒன்றின் மேல் ஒன்று படாமல், சிமெண்ட் தரையில் பக்கவாட்டில் கிடந்தன. ஒரு குட்டியின் விலா ஏறி இறங்குவதைக் கைப்பேசியில் நேரம் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 92.

"சளியும் இல்ல, இருமலும் இல்ல மச்சான். ஊசி போட்டும் பாத்துட்டேன். ஏன் இப்படி இரைக்குது?" என்றார்.

இந்த வயதுப் பன்றி நிழலில் நிம்மதியாகப் படுத்திருந்தால் நிமிடத்துக்கு 25 முதல் 35 தடவை மூச்சு விடும். ஐம்பதைத் தாண்டினாலே உடம்பு சூட்டோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள். ஊசிக்கு அங்கே வேலை இல்லை. நமக்கு வெயில் ஏறினால் வியர்த்துக் கொட்டும். வியர்வை காயும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மாட்டுக்கும் குதிரைக்கும் அந்த வசதி உண்டு. பன்றியின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, ஆனால் வெயிலுக்கு அவை அசைந்து கொடுப்பதில்லை. "பன்றி மாதிரி வியர்க்கிறது" என்று யாராவது சொன்னால் அவர் பன்றியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அதற்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, நாய்போல இரைத்து மூச்சுவழியாகச் சூட்டை வெளியே தள்ளுவது. இன்னொன்று, வெளியிலிருந்து ஈரத்தைக் கடன் வாங்குவது.

இந்த இரண்டாவது வழியைத்தான் நாம் அழுக்கு என்று பெயர் வைத்துக் காலகாலமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இங்ரம் என்பவர் 1965இல் இதை அளந்து பார்த்தார். பன்றியின் தோலில் வெறும் தண்ணீரை ஊற்றினால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. சேற்றைப் பூசினால் ஈரம் ஆவியாவது இரண்டு மணி நேரம்வரை நீடிக்கிறது. சேறுதான் பன்றியின் வியர்வை. சாக்கடையில் புரளும் பன்றிக்கு அழுக்கின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. சாக்கடையை விட்டால் வேறு ஈரம் நாம் அதற்கு விட்டுவைக்கவில்லை. வேலூரைப் பற்றிக் கேலியாகச் சொல்லும்போது முதலில் வருவதே தண்ணீர் இல்லாத ஆறு. பாலாற்றிலேயே தண்ணீர் இல்லாத ஊரில் பன்றி எங்கே போகும்?

சரி, சாக்கடையிலேயே விட்டுவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதற்கான பதிலில் பெரும்பங்கு வேலூரிலிருந்தே உலகத்துக்குப் போனது.

எண்பதுகளில் சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்போடு வருகிற இளவயதுக்காரர்களின் மூளையில் சின்னதாக ஒரு புள்ளி தெரியும். இந்தியாவில் இது காசநோய்க் கட்டி என்றே பலரும் எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்துவந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அடங்கிய நரம்பு அறுவை மருத்துவக் குழு அந்தப் புள்ளிகளில் சிலவற்றை அறுத்தெடுத்துப் பரிசோதித்தது. உள்ளே இருந்தது காசநோய்க் கிருமி இல்லை, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு. 1989இல் அது லான்செட் இதழில் வெளிவந்தது. பின்னால் வேலூர் மாவட்டத்தில் நகரத்திலும் கிராமத்திலுமாக ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை விசாரித்து நடத்திய ஆய்வு 2006இல் வந்தது. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுக்கூடுதான் காரணம் என்று அது காட்டியது.

இந்தப் புழுவின் பயணத்தைப் பலரும் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். முதிர்ந்த நாடாப்புழு மனிதக் குடலில் மட்டும்தான் வாழும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வரும். திறந்தவெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்றால், முட்டை குஞ்சாகி அதன் தசையில் போய்ச் சின்ன நீர்ப்பைகளாகத் தங்கும். அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் தின்ற மனிதனுக்குக் குடலில் புழு வளரும். மூளையில் கூடு கட்டுவது இப்படி இறைச்சி தின்று வருவதில்லை. மனித மலத்தில் இருந்த முட்டை, கழுவாத கை வழியாகவோ காய்கறி வழியாகவோ நம் வாய்க்குள் போவதால்தான் வருகிறது. பன்றிக்கறியைக் கண்ணால்கூடப் பார்க்காத சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு வலிப்பு வருவது இப்படித்தான். மூளைக்கு வருகிற முட்டை மனிதனிடமிருந்து வருகிறது. பன்றி நடுவில் ஒரு தங்குமடம். பழி மட்டும் முழுக்கப் பன்றிக்கு.

ஆக, பன்றியைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, கழிப்பறையையும் கட்டிவிட்டால் இந்தச் சக்கரம் அறுந்துவிடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழு உருவாக்கிய டி.எஸ்.ஓ.எல்.18 என்ற தடுப்பூசியும் இப்போது இருக்கிறது. அதை ஹைதராபாத்தில் தயாரிக்கிறார்கள். அது பன்றிக்குப் போடுகிற ஊசி, காப்பாற்றுவது மனித மூளையை. பொது சுகாதாரம் என்று பார்த்தால் கொட்டகைதான் சரியான இடம், அதில் பேச்சே இல்லை.

ஆனால் கொட்டகை என்பது பன்றியின் உடம்புக்கு ஒரு வெளியூர். தெருவில் திரியும்போது அது தானாகத் தேடிக்கொண்டிருந்த சேறு, மண், நிழல், தண்ணீர், தாயோடு இருக்கும் நாட்கள் எல்லாம் அங்கே நாம் கொடுத்தால்தான் உண்டு. வளரும் பன்றிகளின் உடல்நலம் பற்றிக் கடந்த நூறு ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சியைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான்: உள்ளே அடைத்தபோது பன்றி எதையெதை இழந்தது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எழுதிய பட்டியல் அது.

இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வோம். குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். வளர்கிற வேகத்துக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 10 மில்லிகிராம் வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவுதான். கணக்குப் போட்டால் ஒரு வாரத்தில் கையிருப்பு தீர்ந்துபோகும். சிமெண்ட் தரையில் வளரும் குட்டிகள் மூன்று வாரத்தில் வெளுத்து, மூச்சு வாங்கி, சில நேரம் நன்றாகக் கொழுகொழுவென்று இருப்பதே பொத்தென்று விழுந்து சாகும். 1920களில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மக்கோவன், கிரைட்டன் இருவரும் இதற்குக் காரணம் இரும்புக் குறைவுதான் என்று காட்டினார்கள். மண்ணில் மூக்கை நுழைத்துக் கிளறுகிற குட்டிக்கு இந்த நோய் வராது, மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். தரையைச் சிமெண்ட் பூசி மெழுகியதால் போன இரும்பை, பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் ஊசியாகக் கழுத்தில் போட்டுச் சரிக்கட்டுகிறோம். அத்தை மகன் கொட்டகையில் இந்த ஊசி தவறுவதில்லை. எதற்குப் போடுகிறோம் என்று மட்டும் அவரிடம் யாரும் சொன்னதில்லை. "அது போடணும், அவ்வளவுதான்."

பிறந்த குட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. இது நம்மால் வந்ததில்லை. மனிதக் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பிறக்கும்போதே பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கும். குளிரில் நடுங்காமலே உடம்பைச் சூடாக்கும் அடுப்பு அது. அந்த அடுப்புக்கு நெருப்பு வைக்கிற மரபணு பன்றிக் குலத்தில் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே உடைந்துவிட்டது என்று 2006இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெயில் நாட்டு விலங்கு, தேவைப்படாத அடுப்பு அணைந்துபோயிற்று போல. அதனால் பிறந்த குட்டிக்கு 34 டிகிரி சூடு இருந்தால்தான் இதமாக இருக்கும். தாய்க்கோ இருபதைத் தாண்டினாலே புழுக்கம். ஒரே அறையில் இரண்டு பருவகாலம் வேண்டும். மார்கழி விடியற்காலையில் எங்கள் பக்கம் நன்றாகவே குளிரும். அப்போது குட்டிகள் கதகதப்பைத் தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுக்க, தாய் புரளும்போது நசுங்கிச் சாகின்றன. மூலையில் ஒரு குண்டு பல்பைத் தாழக் கட்டித் தொங்கவிட்டால் குட்டிகள் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். படித்தவர் படிக்காதவர் எல்லாரும் செய்கிற வேலை இது. வேலூர் வெயிலில் குட்டிக்கு விளக்கு எதற்கு என்று சிரிப்பவர்கள் ஒரு மார்கழியை மட்டும் கொட்டகையில் கழித்துப் பார்க்கட்டும்.

சீம்பாலும் அப்படியே. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகாது. முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் வரவேண்டும், ஒரு நாள் ஒன்றரை நாளில் குடல் அந்தக் கதவைச் சாத்திவிடும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் நாள் பால் குடிக்காத குட்டி பிழைப்பது அபூர்வம்.

பால் மறக்கடிப்பதுதான் பெரிய விஷயம். காட்டுப்போக்கில் விட்டால் தாய்ப்பன்றி மூன்று நான்கு மாதம்வரை பால் கொடுத்து, மெல்ல மெல்லத்தான் நிறுத்தும். பெரும்பண்ணைகளில் நான்கு வாரத்தில் ஒரே நாளில் பிரித்துவிடுகிறார்கள். நம் ஊரில் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம். பிரித்த அன்று குட்டிக்குத் தாய் இல்லை, பால் இல்லை, பழகிய இடம் இல்லை, அறிமுகமில்லாத குட்டிகளோடு சண்டை வேறு. அது சாப்பிடுவதையே நிறுத்திவிடும். இங்கேதான் குடலின் கதை தொடங்குகிறது.

சிறுகுடலின் உள்சுவரில் பூத்துவாலையின் இழைகள்போல லட்சக்கணக்கில் குடல் உறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். உணவை இரத்தத்துக்குள் இழுப்பவை அவைதான். அவற்றுக்குச் சாப்பாடு இரத்தம் வழியாக மட்டும் வருவதில்லை, குடலுக்குள் கடந்துபோகிற உணவிலிருந்தே அவை நேராகத் தின்கின்றன. குட்டி இரண்டு நாள் பட்டினி கிடந்தால் உறிஞ்சிகள் தேய்ந்து, ஐந்தாறு நாளில் ஏறக்குறைய பாதி உயரத்துக்கு வந்துவிடும். அப்புறம் பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத மாவுச்சத்து கீழே இறங்க, ஈ.கோலை கிருமிக்கு விருந்து. வயிற்றுப்போக்கு.

இந்த ஒரு வார வயிற்றுப்போக்குக்கு உலகம் செய்த வைத்தியம் பெரிய கதை. முதலில் ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்திலேயே கலந்தார்கள். குட்டி வேகமாகவும் வளர்ந்தது, கிருமியும் மருந்துக்குப் பழகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதைத் தடைசெய்தது. அந்த இடத்தைத் துத்தநாக ஆக்சைடு பிடித்தது. ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டரை மூன்று கிராம், உடம்புக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. வயிற்றுப்போக்கு நின்றது. உடம்பில் தங்காத துத்தநாகம் எருவோடு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. 2022 ஜூனில் அதையும் நிறுத்தினார்கள். இதற்கிடையே 2015இல் சீனாவில் பன்றிகளிடம் கொலிஸ்டின் மருந்தை முறியடிக்கும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து கொலிஸ்டின். அதை இந்தியா 2019இல் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடைசெய்தது. கிழக்கும் மேற்குமாக நோயாளிகள் வந்து குவிகிற வேலூர் மாதிரி மருத்துவமனை நகரத்துக்கு இந்தச் செய்தி வெறும் பண்ணைச் செய்தி இல்லை.

இத்தனைக்கும் பால் மறக்கடிப்பதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, பிரிப்பதற்கு முன்பே கொஞ்சம் கஞ்சித் தீவனம் காட்டிப் பழக்கினால் பாதிப் பிரச்சினை குறைகிறது. அவசரப்படாத சின்னப் பண்ணைக்காரர் இந்த ஒரு விஷயத்தில் டென்மார்க்கின் பெரும்பண்ணையைவிட நல்ல இடத்தில் இருக்கிறார் என்பது என் கணிப்பு. துத்தநாகம் அறவே இல்லாமலும் முடியாது. 1955இல் அமெரிக்காவில் அலபாமாவின் டக்கர், சால்மன் இருவரும், பன்றியின் தோல் தடித்துச் செதில் செதிலாக வெடிப்பது துத்தநாகக் குறைவால் என்று கண்டார்கள். இங்கே அதைச் சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி தீவனம். எங்கள் பக்கம் பெரும்பாலான சின்னக் கொட்டகைகள் ஓடுவது ஹோட்டல், கல்யாண மண்டபம், விடுதி மெஸ் இவற்றின் மிச்சச் சாப்பாட்டில். ஆட்டோவில் நீல டிரம் நிறைய வந்து இறங்கும். பெரும்பகுதி சோறு. சோற்றில் சக்தி இருக்கிறது, புரதம் குறைவு. அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் மிகக் குறைவு. பன்றி தசை வளர்க்க இருபது விதச் செங்கல் வேண்டும் என்றால் லைசின்தான் முதலில் தீர்ந்துபோகிற செங்கல். அது தீர்ந்த இடத்தில் சுவர் நின்றுவிடும், மிச்சமிருக்கும் சக்தி எல்லாம் கொழுப்பாகப் போய்ப் படியும். சோற்றிலேயே வளர்ந்த பன்றி தடித்துத் தெரிந்தாலும் கறி குறைவாக, கொழுப்பு கூடுதலாக இருப்பது இதனால்.

புரதத்துக்கு எங்கள் பக்கம் கைக்கு எட்டுவது மல்லாட்டைப் புண்ணாக்கு, அதாவது நிலக்கடலைப் புண்ணாக்கு. ஆரணி, போளூர், குடியாத்தம் என்று வடஆற்காடு முழுக்க மல்லாட்டைச் சீமை ஆயிற்றே. புண்ணாக்கில் புரதம் தாராளம், ஆனால் அதிலும் குறைவது இதே லைசின்தான். சோற்றின் ஓட்டையைப் புண்ணாக்கு அடைப்பதில்லை. சோயாவோ கருவாட்டுத் தூளோ கொஞ்சம் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். இன்னொரு ஆபத்து பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, கடைசியில் பிடிபட்டது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு. அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயர் வந்தது அப்போதுதான். வளரும் பன்றியின் ஈரலை அது நேராகத் தாக்கும். ஐப்பசி மழையில் நனைந்து பச்சையாகப் பூத்துப்போன புண்ணாக்கை "பன்றிக்குத்தானே" என்று போடுகிறவர்கள், பன்றியின் ஈரலும் நம்முடையதுபோலவே ஈரல்தான் என்பதை நினைக்க வேண்டும்.

டிரம் சாப்பாட்டில் யாரும் கவனிக்காத ஒன்று உப்பு. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் உப்பு. தண்ணீர் வேண்டிய மட்டும் கிடைக்கும்வரை பன்றி அதைச் சமாளித்து வெளியேற்றிவிடும். ஒரு நாள் மோட்டார் பழுதாகித் தொட்டி காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் சோடியம் ஏறும், மூளைக்குள்ளும் ஏறிச் சமநிலைக்கு வந்து நிற்கும். மறுநாள் மோட்டார் சரியாகி, பாவம் தாகமாக இருக்கிறதே என்று தொட்டி நிறையத் தண்ணீர் விடுவார்கள். பன்றி வயிறு முட்டக் குடிக்கும். இரத்தத்தில் உப்பு சட்டென்று இறங்கும், மூளையில் இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் ஓடும் என்பது ஊறுகாய் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த விதி. மூளை வீங்கும். குட்டி நாய்போலக் குந்தும், பின்னோக்கி நடக்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், வலிப்பு வந்து விழும். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கழனிக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. தண்ணீர் இல்லாமல் கிடந்த பன்றிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மிச்சச் சாப்பாட்டைக் கொதிக்கவைக்காமல் போடுவதில் இன்னொரு அபாயம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020இல் அசாம், அருணாசலம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது, 2022இல் வயநாட்டில் தெரிந்தது. மனிதனுக்குத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் கொட்டகையே காலி; நம்மிடம் அதற்குத் தடுப்பூசி கிடையாது. டிரம்மில் வருகிற பன்றிக்கறித் துண்டு ஒன்றே போதும். அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டால் வைரஸ் சாகும். விறகுச் செலவை நினைத்துப் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். பழைய வகைப் பன்றிக் காய்ச்சல் வேறு நோய், அதற்குத் தடுப்பூசி உண்டு. முன்பு முயலின் மண்ணீரலிலிருந்து எடுப்பார்கள், ஒரு முயலுக்கு ஐம்பது தவணைபோலத்தான் தேறும். இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2020இல் முயலே வேண்டாத, செல் வளர்ப்பில் தயாராகும் ஊசியைக் கொண்டுவந்தது.

திரும்ப வெயிலுக்கே வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன குடல் கதையின் இரண்டாம் பாகம் அங்கேதான் இருக்கிறது. பன்றிக்குச் சூடு ஏறினால் உடம்பு இரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடும், சூட்டை வெளியே கடத்துவதற்காக. அந்த இரத்தம் எங்கிருந்தோ வரவேண்டும். குடலிலிருந்து எடுக்கிறது. குடல்சுவரின் செல்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது, பக்கத்துப் பக்கத்துச் செல்லைச் சேர்த்துத் தைத்திருக்கும் தையல் விடுகிறது, குடலுக்குள் இருக்கும் கிருமிகளின் நச்சுப்பொருள் இரத்தத்துக்குள் கசிகிறது. 2013இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகக் குழு வளரும் பன்றிகளை 35 டிகிரியில் வைத்துப் பார்த்தது. 24 மணி நேரமே போதுமாக இருந்தது, குடல் தடுப்பு பலவீனமாகிவிட்டது.

அதே குழுவினரின் இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. வெயிலில் பன்றி குறைவாகத் தின்கிறது, அதனால்தான் வளர்ச்சி குறைகிறது என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். அப்படியானால், குளிர்ந்த அறையில் இருக்கும் பன்றிக்கும் அதே அளவு குறைத்துப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. குளிர்ந்த அறைப் பன்றி பசித்தபோது தன் கொழுப்பைக் கரைத்துச் சமாளித்தது. வெயில் பன்றி கொழுப்பைத் தொடவே இல்லை. அரைப்பட்டினியிலும் அதன் இரத்தத்தில் இன்சுலின் ஏறியிருந்தது, கொழுப்பைக் கரையவிடாமல் பூட்டி வைக்கிற வேலையை அது செய்தது. வெயில் என்பது வெறும் பசியின்மை இல்லை, உடம்பின் வரவுசெலவுக் கணக்கையே மாற்றி எழுதுகிற ஒன்று. கோடையில் விற்கிற பன்றியில் கொழுப்பு கூடியிருப்பதாகக் கறிக்கடைக்காரர்கள் சொல்வதற்கு இங்கே ஒரு விளக்கம் இருக்கிறது.

இந்த ஆய்வுகளில் வசதியான வெப்பநிலை என்று ஐம்பது அறுபது கிலோப் பன்றிக்குச் சொல்லும் எண் இருபதை ஒட்டியது. மே மாதத்தில் நாற்பதைச் சாதாரணமாகத் தாண்டுகிற வேலூரில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் நமக்கும் ஒரு சாதகம் உண்டு. சென்னையின் புழுக்கம் இங்கே இல்லை. எங்கள் மதிய வெயில் காய்ந்த வெயில், ஈரம் சட்டென்று ஆவியாகும். அதனால் தண்ணீரைத் தெளிப்பது சென்னையைவிட இங்கே நன்றாக வேலை செய்யும். இரண்டு நிமிடம் நனைத்து, கால் மணி நேரம் காயவிட்டு, மறுபடி நனைப்பது. காற்று வரும் வழி திறந்திருக்க வேண்டும். இடைவிடாமல் ஊற்றுவது தண்ணீருக்குத்தான் நஷ்டம், குளிர்விப்பது நனைவது இல்லை, காய்வது. தீவனத்தை விடியற்காலையிலும் இருட்டிய பிறகுமாக மாற்றலாம், செரிமானமே உடம்பில் சூடு உண்டாக்குகிற வேலை என்பதால் நடு வெயிலில் வயிறு நிறைந்திருக்கக் கூடாது. இனத்தையும் யோசிக்க வேண்டும். காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கே.பி.எம். கோல்ட் என்ற பன்றி இனத்தில் முக்கால் பங்கு பெரிய வெள்ளை யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப் பன்றி. அந்தக் கால் பங்கு எதற்காகச் சேர்ந்தது என்பது மே மாதம் மதியம் இரண்டு மணிக்குப் புரியும்.

அத்தை மகனின் கொட்டகையில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். கறுப்புப் பிளாஸ்டிக் டேங்க் கூரைக்கு மேல் நேர் வெயிலில் இருந்தது. குட்டிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அழுத்திக் கையை நீட்டினேன், சுட்டது. குட்டிகள் வாயை வைத்துப் பார்த்துவிட்டு விலகிப்போனது அதனால்தான். டேங்கை அன்றைக்கே கீழே இறக்கிப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனோம். குழாய்க்கு மேல் ஈரச் சாக்கைச் சுற்றினோம். தோட்டத்து ஸ்பிரிங்ளர் ஒன்றைத் தற்காலிகமாகக் கட்டி, விட்டுவிட்டுத் தெளித்தோம். நான்கு மணிக்கு அதே குட்டியை எண்ணியபோது 60.

இரவு எட்டு மணிக்கு மறுபடி எண்ணினேன். காற்று ஓரளவு ஆறியிருந்தது, நாங்களே வெளியே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். குட்டிக்கு 56. இறங்கியிருக்க வேண்டியது இறங்கவில்லை. ராத்திரியில் உடம்பு ஆறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும், பகல் சூட்டைவிட ஆறாத ராத்திரிதான் பன்றியைத் தின்கிறது. அத்தை மகன் எழுந்துபோய் கொட்டகைக்குள் கையைத் தூக்கி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் தோசைக்கல்லு மாதிரி இருக்குது மச்சான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது ஷீட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்து, அதற்கும் மேலே பனையோலை பரப்பிக்கொண்டிருந்தார். ஒரு வண்டி போதவில்லை, இரண்டாவது வண்டிக்குச் சொல்லியிருந்தார்.